கலங்கல் வளைவில் துண்டு காட்டியவள்

என் கொழுந்தனுக்குக் கண்வலி வந்ததால்தான் அந்தத் துண்டு என் கைக்கு வந்தது. மெட்ராஸ் ஐ என்று ஊரே சொல்லும் அந்தக் கண்வலி, அந்த வருஷம் மார்கழிக் கடைசியில் அண்ணனூர் பக்கம் வீட்டுக்கு ஒருத்தரைப் பிடித்திருந்தது. கொழுந்தன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கதவோரம் குந்தியிருந்தான். கண் இரண்டும் மிளகாய்ப் பழம்.

"அண்ணி, எனக்கு நீயே ரெண்டா தெரியற. நான் எங்கேந்து கலங்கல பாக்கறது? நீயே போய் துண்டு காட்டிடு" என்றான்.

"அய்ய, நானா?" என்றேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊர் ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஒரு பக்கம் தொழிற்சாலைக்காரர்களின் குவார்ட்டர்ஸ், இன்னொரு பக்கம் செங்கல் சூளைகள், நடுவில் ஏரி. காணும் பொங்கலுக்கு மற்ற ஊர்களில் உறியடிப்பார்கள், சைக்கிளை யார் மெதுவாக ஓட்டுகிறார்கள் என்று போட்டி வைப்பார்கள். எங்கள் ஊரில் ஏரியைச் சுற்றி சைக்கிள் ரேஸ். மூன்று சுற்று. ரோடு என்று ஒரு அடி கூடக் கிடையாது. முழுக்க ஒற்றையடித் தடம்.

அந்தத் தடம் எனக்கு மனப்பாடம். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் அதில்தான் அம்பத்தூருக்கு வேலைக்குப் போய்வந்தார். அதனால் எங்கெங்கே விழலாம் என்று நான் ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்து வைத்திருந்தேன். அம்மன் கோயிலிலிருந்து கரை ஏறுகிற இடத்தில் சரளைக்கல், அங்கே பின்சக்கரம் வழுக்கும். கரைக்கு மேல் போனால் இடது கைப் பக்கம் தண்ணீர், வலது கைப் பக்கம் வேலிகாத்தான் முள், நடுவில் ஒரு முழம் அகலத்துக்குச் சக்கரம் தேய்த்த வெள்ளைக் கோடு. பனைமர வேர்கள் குறுக்கே கயிறு மாதிரி எழும்பி நிற்கும். பெருச்சாளி தோண்டிய பள்ளம் ஒன்று உண்டு, மழைக்கு மழை இடம் மாறும். கலங்கலைத் தாண்டிவிட்டால் சூளைக்காரர்கள் மண் எடுத்த குழிகள். அதில் இறங்கி ஏறி, இறங்கி ஏறி, கடைசியில் ஊர்ச் சந்து.

எல்லாவற்றிலும் மோசமான இடம் கலங்கல் வளைவு. கலங்கல் என்றால் ஏரி நிரம்பி மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் இடம். கரையை அங்கே தாழ்த்திக் கல் பாவியிருப்பார்கள். விளிம்பில் இடுப்பு உயரத்துக்குக் கல்தூண்கள் வரிசையாக நட்டிருக்கும். அந்தத் தூண்களை ஒட்டி ஒரு சைக்கிள் போகிற அகலத்துக்குத் தளம்; பொங்கல் சமயத்தில் அதன்மேல் கணுக்கால் அளவுத் தண்ணீர் ஓடும், அடியில் பாசி. கரையிலிருந்து அந்தத் தளத்துக்குத் தடம் சரேலென்று இறங்கும். இறங்குகிற வேகத்திலேயே தண்ணீரைக் கடந்தால்தான் எதிர்க்கரை மேட்டில் மிதிக்காமல் ஏற முடியும். ஆனால் இறங்குவதற்கு முன்னால் கலங்கல் கண்ணுக்குத் தெரியாது. கரை அங்கே வளைகிறது, வளைவில் கருவேலம் புதர். கீழே எருமை நிற்கலாம், துணி துவைக்கிறவர்கள் இருக்கலாம். தெரிந்து பிரேக் பிடிப்பதற்குள் அவர்கள் மேலேயே போய் விழுந்திருப்பீர்கள்.

அதற்குத்தான் துண்டு. ரேஸ் ஓட்டுகிறவரின் வீட்டு ஆள் ஒருத்தர் வளைவின் மேட்டில் நிற்பார். அங்கிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் வருகிறவரும் தெரிவார், அந்தப் பக்கம் கலங்கலும் தெரியும். கீழே யாரும் இல்லையென்றால் துண்டைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்ட வேண்டும்; அவர் நிறுத்தாமல் இறங்குவார். துண்டு கீழே தொங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்பெல்லாம் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஆள்தான் காட்டினாராம். தன் மச்சானுக்கு மட்டும் சீக்கிரம் தூக்கினார் என்று சண்டையாகி மண்டை உடைந்ததிலிருந்து, அவரவர் வீட்டுக்கு அவரவர் துண்டு.

இன்னொரு வழக்கமும் உண்டு. துண்டைத் தடத்தின் குறுக்கே போட்டுவிட்டால் மொத்த ரேஸும் நின்றுவிடும். யார் துண்டின் மேலும் யார் சக்கரமும் ஏறக் கூடாது. ஏறினால் அந்த வீட்டு ஆளையே மிதித்த மாதிரி. ஆனால் துண்டைப் போட்ட வீட்டுக்காரர் ரேஸில் இல்லை, அவர் அங்கேயே வெளியே. அதனால் யாரும் போட மாட்டார்கள். நான் வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு ஒருவரும் போட்டு நான் பார்த்ததில்லை.

அந்த வருஷம் ரேஸே வேண்டாம் என்று நான் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சியிருந்தேன். காரணம் பொங்கல் முடிந்து அடுத்த வாரம் அவருக்கு மெடிக்கல். தொழிற்சாலை வேலைக்குப் பதிந்து வைத்து, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருந்து, இன்டர்வியூவும் முடிந்து, உடம்பைப் பார்ப்பது மட்டும்தான் பாக்கி. அது முடிந்தால் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், தண்ணீர்க் குழாய். அந்த மெடிக்கலில் குந்தி எழுந்திருக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஏற்கெனவே ஒரு தடவை அதே கலங்கலில் வழுக்கி, முட்டிக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு மாசக்கணக்கில் படுத்துக் கிடந்தவர் அவர். அந்த முட்டியில் இன்னொரு அடி பட்டால் எல்லாம் போச்சு.

போகிப் பண்டிகைச் சாயங்காலம் அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, இந்த ஒரு வருசம் உட்டுடேன். மெடிக்கல் முடியட்டும்."

"போன வருசம் ஜெயிச்சவன் இந்த வருசம் ஊட்ல குந்திகினு இருந்தா இன்னா சொல்லுவாங்க? அந்த குவாட்ரஸ் பையன் கியர் சைக்கிள் வாங்கிக்கிறான். டயரு இம்மாம் தடி. அத்த பாத்து நான் பம்மிட்டேன்னு சொல்ல மாட்டானுங்க?"

"சொன்னா சொல்லிட்டுப் போறானுங்க. முட்டி?"

"முட்டி முட்டின்னு நீ சொல்லிச் சொல்லியே அது வலிக்குதுமே" என்றார். பிறகு சக்கரத்தை ஒரு சுழற்று சுழற்றிவிட்டு, "உனக்கு பயந்தா நான் கக்கூஸுக்குக் கூட நடந்து போவ முடியாது" என்றார். கதவோரம் கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து கொழுந்தன் சிரித்தான்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் அப்படித்தான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, கணக்குப் பரீட்சையை நினைத்து வாந்தியெடுத்து வாந்தியெடுத்து, கடைசியில் அம்மாவே போக வேண்டாம் என்று நிறுத்தியதுதான் காரணம். அடுப்பை அணைத்துவிட்டுக் கோயில் வரை போய், திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போவேன். ரயில் கடக்கும்போது தண்டவாளம் விலகியிருக்குமோ என்று குனிந்து பார்ப்பேன். இது தெருவில் எல்லோருக்கும் தெரியும். இப்படிப்பட்டவள் கையில் துண்டு.

காணும் பொங்கல் காலையில் கரை முழுக்கச் சனம். கோயிலடியில் மைக் செட் கட்டியிருந்தார்கள். மைக்காரர் பாட்டுக்கு நடுவே நடுவே, "நமது ஏரியின் சிங்கம் இதோ வருகிறார், கியர் வண்டியில் குவார்ட்டர்ஸ் புலி இதோ வருகிறார், குழந்தைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், வடை வியாபாரி தடத்தைவிட்டுத் தள்ளி நில்லுங்கள்" என்று கத்திக்கொண்டிருந்தார். ஏரியின் எந்த மூலையில் நின்றாலும் அந்தச் சத்தம்தான். பக்கத்தில் நிற்பவரிடம் பேசவே தொண்டை கிழிய வேண்டும்.

வளைவு மேட்டில் ஐந்தாறு பேர் துண்டோடு நின்றார்கள். பெண் நான் ஒருத்திதான். என் பக்கத்தில் குவார்ட்டர்ஸ் பையனின் அப்பா. திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் வேலை, கனத்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. நன்றாகத் தேய்த்து மடித்த வெள்ளைத் துண்டு. என்னைப் பார்த்ததும், "நீ எதுக்கும்மா வெயில்ல நிக்க? வீட்டுல ஆம்பள ஆளு இல்லியா?" என்று கேட்டார்.

"கண்வலிங்க."

"ஒனக்கா?"

"கொழுந்தனுக்கு."

"நல்லதாப் போச்சு. கண்வலிக்காரன் துண்டு காட்டுனா வெளங்கும்" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண் கலங்கலில் இருந்தது. தண்ணீர் தூண்களுக்கு இடையில் வழுவழுவென்று வழிந்துகொண்டிருந்தது. கீழ்ப்பக்கம் ஒரு ஆள், இடுப்பில் கூடை, தண்ணீரில் நின்று வலை கட்டிக்கொண்டிருந்தார். ஏரி வழியும்போது மீனும் சேர்ந்து இறங்கும்; அதற்கு ஒருத்தர் வலையோடு வருவது வழக்கம்தான். அவர் தளத்தில் நிற்கவில்லை, கீழேதான் நின்றார். அப்படியானால் தடம் காலி. காலிதானே? மறுபடியும் பார்த்தேன். காலிதான்.

வேட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கரைமேல் புழுதி. முதல் ஆளாக என் வீட்டுக்காரர் வந்தார். சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டு, தலையை மட்டும் தூக்கி என் கையைத் தேடினார். நான் துண்டைத் தூக்கினேன். அவர் என்னைக் கடந்து வளைவில் சாய்ந்து இறங்கினார். சைக்கிளின் இரும்பு முழுக்கக் கடகடவென்று அடித்துக்கொண்டது. தண்ணீர் இரண்டு பக்கமும் சிறகு மாதிரி எழுந்தது. மறுகரையில் ஏறிவிட்டார். நான் மூச்சு விட்டேன். பின்னாலேயே அந்தப் பையன், சத்தமே இல்லாமல், தடித்த டயரில் துள்ளித் துள்ளி இறங்கிப் போனான்.

"பாத்தியா, மெத்தையில போற மாதிரி போறான்" என்றார் திருநெல்வேலிக்காரர்.

இரண்டாவது சுற்றுக்கு அவர்கள் சூளைப் பக்கம் போயிருந்தபோதுதான் அதைப் பார்த்தேன். தளத்தின் குறுக்கே ஏதோ மின்னியது. ஒரு கோடு. வெயில் பட்ட சிலந்தி நூல் மாதிரி வந்தது, போய்விட்டது. மீன்காரர் கையை இழுத்தார்; மறுபடியும் மின்னியது. நைலான் கயிறு. நரம்பு மாதிரி மெல்லியது. வலையின் ஒரு முனையைத் தூணுக்குக் கொண்டுபோக அவர் அதைத் தடத்தின் குறுக்கே இழுத்துக்கொண்டிருந்தார்.

"கயிறு கீதுங்க!" என்றேன்.

"எங்க?" என்று திருநெல்வேலிக்காரர் கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். "ஒண்ணுங் காணுமே. தண்ணி மின்னுதும்மா."

புழுதி தெரிந்துவிட்டது. என் வீட்டுக்காரர்தான் முன்னால். நான் துண்டைத் தொங்கவிட்டேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். பிரேக்கைப் பிடித்து, கிறீச்சென்று என் பக்கத்தில் குதித்து, "இன்னா?" என்றார்.

"கயிறு. குறுக்க கட்டிகினு இருக்காரு. தள்ளிகினு போ."

அவர் தள்ளிக்கொண்டு இறங்கினார். அதற்குள் மீன்காரர் சைக்கிள் வருவதைப் பார்த்துக் கயிற்றைத் தளரவிட்டார். அது தண்ணீருக்குள் போய்விட்டது. என் வீட்டுக்காரர் கீழே போய்ச் சேர்ந்தபோது அங்கே ஓடுகிற தண்ணீரும், தள்ளி நின்று வலையில் சிக்கெடுக்கிற ஒரு ஆளும் மட்டும்தான். வெள்ளைத் துண்டு மேலே பறந்தது. பையன் அவரைத் தண்ணீரால் அடித்துக்கொண்டு தாண்டிப் போனான்.

அவர் திரும்பி நின்று கத்தியது பாட்டுச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. "இங்க ஒரு மயிரும் இல்லமே! அடுத்த தபா நீ இன்னா காட்டினாலும் நான் சைக்கிள உட்டு எறங்க மாட்டேன், பாத்துக்கோ!"

மேட்டில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தர், "இன்னா அண்ணி, அவுரு சம்பளம் போயிடும்னு சைக்கிளயே நிறுத்திட்டியா?" என்றார். மெடிக்கல் விஷயம் ஊருக்கே தெரியும். எனக்குக் காது எரிந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் பார்த்தேனா? அடுப்பு எரிகிற மாதிரி கோயிலில் நிற்கும்போது தோன்றுமே, அந்த மாதிரிதானா இதுவும்?

கீழே போய்ப் பார்த்துவிடலாம் என்று பாதிச் சரிவு இறங்கினேன். அங்கே நின்றால் கரையும் தெரியவில்லை, புழுதியும் தெரியவில்லை. அவர் வந்துவிட்டால்? துண்டே இல்லாமல் வளைவில் திரும்பினால்? மறுபடியும் மேலே ஓடி வந்தேன். மீன்காரரைப் பார்த்து, "அண்ணாத்தே! கயித்த எடு!" என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. மைக்கில், "கியர் வண்டி முந்துகிறது, கியர் வண்டி முந்துகிறது" என்று கத்தல். பார்த்துக்கொண்டே இருக்கும்போது மீன்காரர் கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்க்கரை வேலிக்குப் பின்னால் போய்விட்டார்.

இப்போது கலங்கலில் ஆளே இல்லை. தண்ணீர், தூண், தளம். சுத்தமாகக் காலி. மேட்டில் நின்ற எல்லோரும் துண்டைத் தயாராக வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் ஏதோ சரியில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். தளத்துக்கு நடுவில், நெஞ்சு உயரத்தில், ஆகாயத்தாமரை வேர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கறுப்பு வேர், ஈரம் சொட்ட. காற்றில் லேசாக ஆடியது. ஆனால் அது எதிலிருந்தும் தொங்கவில்லை. மேலே மரம் இல்லை, கொடி இல்லை. வெறும் வெளியில் தொங்கியது.

கட்டிவிட்டுப் போயிருக்கிறார். தூணின் தலையிலிருந்து இந்தப் பக்கக் கருவேல மரத்தின் மேல்கிளைக்கு, விறைப்பாக. சரிவில் வேகமாக இறங்குகிறவன் கைப்பிடிமேல் குனிந்திருப்பான். நெஞ்சு உயரம் அப்போது கழுத்து உயரம்.

"அண்ணாச்சி, அங்க பாருங்க, வேரு தொங்குது பாருங்க! கயிறு கட்டிக்கிது!"

திருநெல்வேலிக்காரர் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். "வேரு எங்க? எனக்குத் தெரியலியேம்மா" என்றார். பிறகு கொஞ்சம் கோபமாக, "ஒம் புருசனுக்கு நீ காட்டு, எம் புள்ளைக்கு நாங் காட்டுதேன். ஒம் பயத்துக்கு அவனும் எறங்கணுமா?" என்று துண்டைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார்.

வளைவில் புழுதி. பையன்தான் முன்னால். அவனுக்குப் பின்னால், ஒட்டி, என் வீட்டுக்காரர். பையனின் கண் அவன் அப்பாவின் துண்டில். இவர் என்னைப் பார்த்தார். என் கையில் துண்டு தொங்குவதைப் பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இன்னும் அழுத்தி மிதித்தார்.

நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கை தானாகப் போனது. தடத்தில் குதித்து, துண்டை இரண்டு கையாலும் விரித்துக் குறுக்கே போட்டேன். அவருடைய துண்டு, சிவப்புக் கரை போட்டது, எங்கள் கல்யாணத்தில் அவர் தோளில் இருந்தது.

பையன் பிரேக்கைப் பிடித்தான். கியர் சைக்கிள் பின்பக்கம் எழும்பி, சுழன்று, அவனைப் புதருக்குள் தள்ளியது. என் வீட்டுக்காரர் இரண்டு காலையும் தரையில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே வந்து நின்றார். முன்சக்கரம் துண்டுக்கு நான்கு விரல் தள்ளி. பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்து விழுந்தார்கள். நான் அவருடைய முட்டியைத்தான் பார்த்தேன். நேராக இருந்தது. நிற்கிறார்.

அப்புறம் கிளம்பியது சத்தம்.

"துண்டப் போட்டாமே!"

"பொம்பள கையில குட்தா இப்டித்தான்!"

திருநெல்வேலிக்காரர் புதரிலிருந்து மகனை இழுத்தெடுத்தார். முழங்கை முழுக்க முள் கீறல். "எம் புள்ளையக் கொல்லப் பாத்தியா?" என்று என்னிடம் வந்தார்.

என் வீட்டுக்காரர் கத்தியிருந்தால் தேவலை. முகம் கறுத்து, குனிந்து துண்டைத் தாண்டி சைக்கிளைத் தூக்கி வைத்து, சரிவில் தள்ளிக்கொண்டு இறங்கினார். அங்கே ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்டப் போகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒன்றுமில்லாமல் இருந்தால் நான் இந்த ஊரில் எப்படி இருப்பது? இருந்தால் நல்லது என்று நினைத்தேன். நினைத்ததற்கு உடனே அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

தளத்தில் பத்தடி போனார். சைக்கிள் நின்றுவிட்டது.

அவர் தள்ளினார். போகவில்லை. இன்னும் பலமாகத் தள்ளினார். சைக்கிள் பின்னால் வந்தது. கைப்பிடியில் மணி, தானாக ஒரு தடவை கிணிங் என்றது. அவர் ஒரு கையை எடுத்து முன்னால் நீட்டி, வெறும் காற்றில் விரலை வைத்து மெதுவாக இழுத்தார். அப்போதுதான் மேட்டில் நின்றவர்களுக்கெல்லாம் தெரிந்தது. கோடு முழுக்கத் தண்ணீர்த் துளி தெறித்தது. வேர் அறுந்து விழுந்தது.

மைக்கில் மட்டும் பாட்டு ஓடியது.

எதிர்க்கரை வேலிக்குப் பின்னாலிருந்து மீன்காரர் கூடையோடு ஓடி வந்தார். "அண்ணாத்தே, அண்ணாத்தே! வலை! அறுத்துடாத நைனா, புது வலை! இன்னா, ரேஸு முடிஞ்சிருச்சா?"

அவரை நாலு பேர் அடிக்க ஓடினார்கள், அவர் கூடையைப் போட்டுவிட்டு ஏரிக்குள் இறங்கிவிட்டார், கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "ரெண்டு சுத்துன்னு சொன்னாங்கப்பா!" என்று கத்தினார். அதையெல்லாம் நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். நான் அப்போது மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். திருநெல்வேலிக்காரர் சரிவில் இறங்கிப் போய் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். தன் கழுத்தைத் தடவிக்கொண்டார். தடத்தில் கிடந்த என் துண்டை எடுத்து, மண்ணைத் தட்டி, நாலாக மடித்து, என் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனாலும் வழக்கம் வழக்கம்தான். ரேஸைக் கலங்கலிலிருந்து மறுபடி விட்டார்கள். துண்டு போட்ட வீட்டுக்காரர் வெளியே. என் வீட்டுக்காரர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஓரமாக நின்று பார்த்தார். அந்தப் பையன் கீறலோடு ஓட்டி ஜெயித்தான். பரிசு வாங்கும்போது மைக்கில் அவனைப் பேசச் சொன்னார்கள். "அவுக இருந்திருந்தா நான் செயிச்சிருக்க மாட்டேன்" என்று என் வீட்டுக்காரரைக் கை காட்டிவிட்டு இறங்கிவிட்டான். அது அவருக்கு ஆறுதலாக இருந்ததா, இன்னும் எரிச்சலாக இருந்ததா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தும் அவர் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டார். கொழுந்தன் மூலமாக, "வெந்நீர் வெக்கச் சொல்லு" என்பார். என் பயத்தைப் பார்த்து ஊர் சிரித்ததில் கோபமா, அந்தப் பயமே நிஜமாகிப் போனதில் தன் பேச்சு தப்பானது என்று அவருக்கு வெட்கமா? கேட்க எனக்குத் தைரியமில்லை. நான் மெடிக்கலை நினைத்து ராத்திரியெல்லாம் புரண்டேன். கால் ஊன்றித் தேய்த்தாரே, அதில் முட்டிக்குள் ஏதாவது ஆகியிருக்குமோ? அவர் மாடத்தில் இருக்கிற விபூதியை எடுக்கக் கை நீட்டும்போதுகூட நான் காலைத்தான் பார்ப்பேன்.

ஒன்றும் ஆகவில்லை. குந்தி எழுந்ததில் முட்டி ஒரு சத்தமும் போடவில்லை என்று மெடிக்கல் முடிந்து வந்த சாயங்காலம் அவரே சொன்னார். அந்த வேலையில்தான் கடைசிவரை இருந்தார். ஆனால் எனக்கு நினைவிருப்பது அந்தச் சாயங்காலம் அல்ல, அன்றைய காலை.

விடிந்தும் விடியாததுமாக இருந்தது. ஏரிமேல் பனி. அவர் வெள்ளைச் சட்டை போட்டு, கால்சட்டை நுனி செயினில் மாட்டாமல் இருக்க க்ளிப் போட்டுக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தார். பஸ்ஸில் போ என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். ரோடு வழியாகவாவது போவார் என்று பார்த்தால் சைக்கிளின் மூக்கு கரைப் பக்கம் திரும்பியது. ரோடு சுற்று, கரை குறுக்கு. அவர் நின்றார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த சிவப்புக் கரைத் துண்டை உருவி என் தோள்மேல் போட்டார்.

"வா" என்றார். ஒரு வாரத்தில் என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது.

நான் முன்னால் நடந்தேன். அவர் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தார். வளைவு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் சீட்டில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். நான் மேட்டில் ஏறினேன். கலங்கலில் பனி அடர்த்தியாகப் படிந்திருந்தது. தூண்கள் ஒன்று, இரண்டு தெரிந்தன, மிச்சம் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"இன்னா?" என்றார் கீழிருந்து.

"இரு. சரியா தெரியல."

எரிந்து விழுவார் என்று நினைத்தேன். தூரத்தில் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதியது.

"பாரு, நல்லா பாரு" என்றார். "நேரம் கீது."

கைப்பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, என் கையைப் பார்த்தபடி நின்றார். நான் தூண் தூணாகப் பார்த்தேன். தூணுக்கும் மரத்துக்கும் நடுவில் வெறும் வெளியைப் பார்த்தேன். பனி கொஞ்சம் நகர்ந்தது. ஒன்றுமில்லை. இருந்தாலும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு, துண்டைத் தூக்கினேன்.